கம்பளிச் சூடு

எங்கள் எஸ்டேட்டில் காய்ச்சல் என்றால் நூறு டிகிரிக்கு மேல். அதற்குக் கீழே உடம்புக்கு என்ன வந்தாலும் அதற்குப் பெயர் சோம்பேறித்தனம். பல்வலி, வயிற்றுவலி, வழுக்கி விழுந்து வீங்கிய முட்டி, எதுவானாலும் டிஸ்பென்சரியில் போய்க் "காய்ச்சல்" என்றுதான் சொல்லுவோம். மலையாளத்துக் கம்பவுண்டர் தெர்மாமீட்டரைக் கக்கத்தில் வைக்கச் சொல்லுவார். பாதரசம் நூறைத் தாண்டினால் லீவு. தாண்டாவிட்டால் கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏற வேண்டியதுதான்.

ஆகவே தேய்த்தோம். எழுபதுகளில் சித்திரபுரத்துக்கு மேலே கொழுந்து கிள்ளிய பெண்களில் பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் தெரிந்த விஞ்ஞானம் அது. குளிருக்குப் போர்த்திய கம்பளிக்குள்ளே கையை விட்டு, தெர்மாமீட்டரின் நுனியைக் கம்பளியில் வைத்துப் பரபரவென்று தேய்த்தால் ரசம் மேலே ஓடும்.

என் மதினி, அதாவது அண்ணன் பெண்டாட்டி, இதில் கைதேர்ந்தவள். என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவள். ஒருமுறை பேச்சு சுவாரசியத்தில் அதிகமாகத் தேய்த்து, ரசம் கடைசிக் கோட்டில் போய் முட்டி நின்றது. கம்பவுண்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்தச் சூட்டுக்கு நீ செத்துக் கிடக்கணும், தெரியுமா?"

"அதான் லீவு கேக்கேன் சார்."

வரிசையே சிரித்தது. மறுநாளிலிருந்து அவர் கம்பளியை வாசலிலேயே கழற்றச் சொல்லி, தெர்மாமீட்டரை வாயில் வைத்துத் தானே பிடித்துக்கொள்ள ஆரம்பித்தார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. எனக்குத்தான் அவரைக் கண்டாலே எரிச்சல்.

அடுத்த மழைக்காலத்தில் மதினிக்கு மூன்றாம் மாதத்திலேயே கரு கலைந்துவிட்டது. ரத்தம் நிற்கவில்லை. நாங்கள் குடியிருந்த லயத்தில், அந்த வரிசை வீடுகளில், அது எனக்கு மட்டும்தான் தெரியும். அண்ணனுக்குத் தேயிலை ஃபேக்டரியில் இரவு வேலை. பிள்ளை போனதை அவனிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவனிடமும் காய்ச்சல் என்றே சொல்லி வைத்திருந்தாள்.

காலையில் டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனேன். நடக்கும்போதே அவளுக்கு மூச்சு வாங்கியது.

"ரத்தம் போகுதுன்னு சொல்லு மதினி."

"வாய மூடுட்டி. இத்தன பேரு முன்னால, ஆம்பளகிட்டப் போயி அதச் சொல்லவா?"

நானே சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். என் கையை இறுக்கிப் பிடித்துவிட்டாள். அந்தக் கை சில்லென்று இருந்தது. அவள் முறை வந்தபோது, "காய்ச்சல் சார்" என்றாள்.

ரசம் தொண்ணூற்றாறைத் தாண்டவில்லை. கம்பவுண்டர் சிரித்துக்கொண்டே தெர்மாமீட்டரை உதறினார்.

"காய்ச்சல் இல்லல்லோ. ஜோலிக்குப் போம்மா."

லீவில்லாமல் லயத்தில் படுத்தால் கங்காணி வந்து கதவைத் தட்டுவார். அதற்குப் பயந்து அவள் கூடையை மாட்டினாள். மத்தியானத்துக்கு முன்பே தேயிலைச் செடிகளுக்கு நடுவில் சுருண்டு விழுந்துவிட்டாள். அப்போதுதான் மற்றவர்கள் அவள் சேலையைப் பார்த்தார்கள்.

கங்காணி லாரியைக் கூட்டிவர ஓடினார். மழை விடவில்லை. எல்லோருடைய கம்பளிகளையும் அவள்மேல் போர்த்தினோம். கம்பளி முனைகளால் அவள் உள்ளங்காலையும் உள்ளங்கையையும் தேய்த்தோம்.

"தேயிங்கட்டி, நிறுத்தாதீங்க!" என்று நான் கத்திக்கொண்டே இருந்தேன். என் கை எரிந்தது. தோல் உரிந்தது. ஒரு கண்ணாடிக் குச்சிக்கு அவ்வளவு சுலபமாக ஏறிய சூடு அவள் காலுக்கு ஏறவே இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றுவரை அடங்கவில்லை. யார்மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

லாரி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ரத்தம் தெரியாதபடி ஒரு கம்பளியை இடுப்பிலிருந்து கால்வரை இழுத்து மூடினோம்.

மதினி மயங்கி விழுந்துவிட்டாள் என்று மட்டும் கேள்விப்பட்டு, அண்ணன் தூக்கம் கலைந்த கண்ணோடு மேட்டில் ஏறி ஓடி வந்தான். எங்களை விலக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தான். கழுத்தில் வைத்துப் பார்த்தான். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, நிம்மதியாகப் பெருமூச்சு விட்டபடி சொன்னான்:

"காய்ச்சல் விட்டிருச்சுட்டி."