கல்லுக்கு இந்தப் பக்கம்

பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது சவரியம்மாளின் தங்கை வந்து வகுப்பு வாசலில் நின்றாள். "அக்கா போயிட்டா வாத்தியாரே. காத்தால காப்பி கேட்டா, கொண்டாறதுக்குள்ள போயிட்டா" என்றாள். "சரி, வரேன்" என்று சொல்லிவிட்டு மிச்சப் பாடத்தை நடத்தி முடித்தேன். என்ன நடத்தினேன் என்று ஞாபகமில்லை. இந்த வயதில் சாவுச் செய்திகள் வந்து வந்து, அழுகைகூடச் சோம்பல்படுகிறது.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். நீலசந்திராக்காரர். நூல் மில்லில் வேலை, ஞாயிற்றுக்கிழமை கோயில் பாடகர் குழுவில் உச்சக்குரல். எழுதப் படிக்கத் தெரியாது. அவர் பாட்டுக் கட்டுவார், நான் நோட்டில் எழுதிக்கொள்வேன். பாடும்போது கஞ்சிரா அடிப்பதும் நான்தான். ஒரு சொல்லை நான் அழகுபடுத்திவிட்டால் உடனே கண்டுபிடித்துவிடுவார். "பள்ளிக்கூடத்தை இங்க கொண்டாராதீங்க வாத்தியாரே, அடி வாங்கினவன் இப்படியா பேசுவான்?" என்பார்.

கூலி கேட்டு மில் வாசலில் நின்ற முனுசாமியைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனதும், மூன்றாம் நாள் பிணமாகக் கொடுத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். காய்ச்சலில் செத்தான் என்று எழுதிக் கொடுத்தார்கள். உடம்பைக் குளிப்பாட்டிய பெண்கள் முதுகைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். சவரியம்மாள் மட்டும் மூடவில்லை. சாவு வீட்டிலேயே பாட்டு வந்துவிட்டது.

நடந்து போனான் ஸ்டேஷனுக்கு - அவனை
நாலுபேர் சுமந்து வந்தோமே
காய்ச்சலென்று எழுதிவைத்தார் - அந்தக்
காய்ச்சலுக்கு லத்தி ஏதுக்கு?

ஒரே வாரத்தில் இது, வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த எங்கள் தண்டு முழுக்கப் பரவியது. பாடினால் ஜெயில் என்று வெள்ளைக்கார அதிகாரிகள் உத்தரவு போட்டார்கள். ஆனால் அவர்கள் உத்தரவு தண்டுக்குள் மட்டும்தான் செல்லும். எல்லைக்கல்லைத் தாண்டிவிட்டால் மகாராஜா சீமை. அந்தப் பக்கத்துப் போலீசார் உத்தமர்கள் என்று சொல்லவில்லை. அவர்களுக்குக் கோபம் வேறு பாட்டுகள்மேல்.

அதனால் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். ஞாயிறு பூசை முடிந்ததும், ஐம்பது அறுபது பேர் வாயைத் திறக்காமல் எல்லை வரை நடப்போம். தண்டுப் போலீஸ் கூடவே வரும். சவரியம்மாள் குனிந்து எல்லைக்கல்லை ஒரு தட்டுத் தட்டிவிட்டு அந்தப் பக்கம் கால் வைப்பார். கடைசி ஆளும் தாண்டிய பிறகு கஞ்சிராவில் என் முதல் அடி விழும். அடி விழுந்தால் எல்லோரும் பாட வேண்டும். போலீஸ் கல்லுக்குத் தண்டுப் பக்கமே நின்று பல்லைக் கடிக்கும். எங்களுக்கு அந்த வாரத்துக்கு அதுதான் சந்தோஷம்.

மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்லை மறைத்துக்கொண்டு ஒரு புல்வண்டி நின்றிருந்தது. முன்னால் போன தலைகளைப் பார்த்து, தாண்டியாகிவிட்டது என்று நினைத்தேன். நடந்து நடந்து சலித்துப்போயிருந்தேன், சீக்கிரம் பாடிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்றும் இருந்தது. அடித்துவிட்டேன். கல்லுக்கு இன்னும் பத்து அடி இருந்தது. பின்னால் வந்த பெண்கள் வழக்கப்படி வாயைத் திறந்துவிட்டார்கள். சவரியம்மாள் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கூட்டத்துக்கு முன்னால் ஓடி நின்று, மற்ற குரல் எதுவும் கேட்காதபடி தொண்டை கிழியப் பாடினார்.

"யாரு ஆரம்பிச்சது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான்தான் சார். அவசரப்பட்டுட்டேன்" என்றார் சவரியம்மாள்.

கஞ்சிரா என் துண்டுக்கடியில் இருந்தது. எனக்கு உத்தியோகம், பெண்டாட்டி, நான்கு குழந்தைகள். வாயைத் திறக்கவில்லை.

அவருக்கு ஆறு மாதம் ஜெயில். மில் வேலையும் போயிற்று. திரும்பி வந்த அன்று அவர் வீட்டுக்குப் போய் எதையோ சொல்லத் தடுமாறினேன். "போனது போச்சு. இனிமே கல்லைப் பாத்து அடிங்க" என்று சொல்லிவிட்டு, ஜெயிலில் கட்டிய பாட்டை எழுதிக்கொள்ளச் சொன்னார். அதன் பிறகு ஊரார் அவருக்கு 'அவசரம்' என்று பெயர் வைத்தார்கள். வேடிக்கையாகத்தான். அவரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

இப்போது தண்டும், மகாராஜா சீமையாக இருந்த பேட்டையும் ஒன்றாகிவிட்டன. கல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். முனுசாமி எப்படிச் செத்தான் என்று இன்றுவரை எந்த அதிகாரியும் விசாரிக்கவில்லை. பாடிப் பாடி என்ன கண்டோம் என்று ஒருமுறை அவரிடமே கேட்டேன். "காய்ச்சல்னு இன்னிக்கு ஒருத்தனும் நம்பலையே வாத்தியாரே, அது போதாதா?" என்றார். எனக்குப் போதவில்லை. அவருக்குப் போதுமாக இருந்தது.

நேற்று குழியில் மண் போடும்போது யாரோ, "போறதுலயும் அவசரம்தான்" என்றார்கள். அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். நேற்றும் நான் வாயைத் திறக்கவில்லை.

அவருடைய பாட்டுகள் உங்கள் எல்லோரிடமும் இருக்கின்றன. நோட்டை அவர் தங்கையிடம் கொடுத்துவிட்டேன். எனக்கென்று நான் வைத்துக்கொள்ளக் கேட்பது ஒன்றுதான். அவர் ஒருநாளும் அவசரப்பட்டதில்லை. அந்தப் பெயர் என்னுடையது. இனி தெருவில் என்னைக் கண்டால், தயவுசெய்து அதைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.