பிரிண்ட்டா, பிரிண்டிங்கா?

துணியில் அச்சடிக்கும் பிரிண்டிங் பேஸ்ட்டின் மண்ணெண்ணெய் வாடை மூக்கில் ஏறினால் போதும்... இன்றைக்கும் என் கை தானாக ஸ்கூட்டர் சாவியைத் தேடும்.

அப்போது எங்கள் திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு, எல்லோரும் உள்ளே போய் எழுதக்கூடிய ஒரு விக்கி தளம் இருந்தது. ஆர்டருக்கு ஒரு பக்கம். எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று நான் மேக்ரோ என்று ஒரு குட்டி புரோகிராம் எழுதிவைத்தேன். கலர், சைஸ், பிரிண்ட் என்று மூன்று பாராமீட்டர். அந்தந்தப் பேரைப் போட்டு விவரத்தை மட்டும் கொடுத்தால் பக்கம் தானாக நிரம்பிவிடும். எழுதி முடித்த பிறகு கொஞ்ச நாள் கேண்டீனில் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அவ்வளவு கர்வம்.

யாராவது பிரிண்ட்டுக்கு வாசகம் கொடுக்க மறந்தால்? கம்ப்யூட்டர் இங்கிலீஷில் திட்டுவது நம் ஊருக்கு அழகா... காலியாக விட்டால் தானாக வந்து நிற்க, டீஃபால்ட்டாக ஒரு வரி போட்டேன்: "ஏனுங்க, வாசகம் போடலீங்களா?"

குழந்தைகளுக்கு மஞ்சள் டி-ஷர்ட் ஆர்டர் ஒன்று வந்தது. நெஞ்சில் "ஹலோ சன்ஷைன்" என்று பிரிண்ட். ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர் தங்கமணி பக்கத்தை நிரப்பி, நல்லூரில் பிரிண்டிங் யூனிட் வைத்திருக்கும் ரஃபீக் பாய்க்கு லிங்க் அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை எதேச்சையாகத் திறந்து பார்த்தேன். கலர் சரி. சைஸ் சரி.

பிரிண்ட்: ஏனுங்க, வாசகம் போடலீங்களா?

"தங்கமணி, வாசகம் எங்கீங்க?"

"போட்டனேங்க. பாருங்க, பிரிண்டிங்னு போட்டு எழுதியிருக்கறனே."

"பாராமீட்டர் பேரு பிரிண்ட்டுங்க. பிரிண்டிங் இல்லீங்க."

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே?"

திருப்பூரில் ஒன்றுதான். மேக்ரோவுக்கு அது தெரியாதே. புரியாத பெயரில் வந்ததைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிட்டு, என் டீஃபால்ட்டை எடுத்துக்கொண்டது.

பாய்க்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மெஷின் சத்தத்தில் எங்கே கேட்கும்... வெட்டிய துணி மொத்தமும் அங்கேதான். பிரிண்ட் கெட்டால், அதே மஞ்சளைச் சாயம் போடும் டையிங்கில் மறுபடி பிடிப்பதற்குள் கப்பல் போய்விடும். கூடவே ஆர்டரும், என் வேலையும்.

ஸ்கூட்டரை எடுத்தேன். முன்னால் ஒரு கம்பெனி வேன், நடுரோட்டில் ஆள் இறக்கிக்கொண்டிருந்தது. இறங்கிய அம்மா ஒருவர் டிபன் பாக்ஸை மறந்து திரும்ப ஏறினார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

யூனிட்டுக்குள் ஓடினால்... மேசைமேல் அச்சு ஸ்க்ரீன் இறங்கிவிட்டது. பிரிண்ட் போடும் பீகார்க்காரர் ஒரு துணியை முடித்திருந்தார். ஈரமாக, அழகாக வளைத்து: ஏனுங்க...

எனக்குத் தெரிந்த ஒரே ஹிந்தி "அச்சா". அதையே கத்தினேன்.

பாராட்டு என்று நினைத்து, சிரித்தபடி அடுத்த துணியிலும் பேஸ்ட்டை இழுத்தார். நான் மூன்றாவது துணிமேல் குப்புற விழுந்தேன்.

பாய் வந்து தூக்கிவிட்டார். "வெளிநாட்டுல இருக்கற நம்மாளுங்க கொழந்தைகளுக்குன்னு நெனச்சனுங்க. படிக்க நல்லாத்தான் இருந்துச்சு."

எக்ஸ்ட்ராவாக வெட்டியதில் இரண்டு துண்டுதான் போனது. ஆர்டர் பிழைத்தது.

இப்போது புது சாஃப்ட்வேர். பெயர் தப்பினால் சிவப்புக் கட்டம்: இன்வேலிட் பாராமீட்டர். சேவே ஆகாது. நல்லதுதான்... யாரும் நல்லூருக்குப் பறக்க வேண்டியதில்லை.

'ஏனுங்க' என்று அச்சான அந்த மஞ்சள் துண்டு ஒன்றில்தான் இன்னும் மானிட்டர் துடைக்கிறேன். சிவப்புக் கட்டம் வந்தால் அதை எடுத்து ஒருமுறை திரையில் ஓட்டுவேன். கேட்கிற விதமாகக் கேட்பது இந்த ஆபீசில் அந்தத் துணி மட்டும்தான்.