கெடுக்க முடியாத கம்ப்யூட்டர்

செம்மேட்டு நூலகத்துக் கம்ப்யூட்டர் கெட்டுப்போனால், நூலகரான நான்தான் அதைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, வளைவு வளைவாக பஸ்ஸில் மலையிறங்க வேண்டும். இரண்டாவது தடவை இறங்கியபோது மேலதிகாரி, "இன்னொருக்கா கெட்டுச்சுன்னா இங்கயே இருக்கட்டும்மா, மலைக்கெல்லாம் இது சரிப்பட்டு வராது" என்று சொல்லிவிட்டார். எனக்கு வந்தது பாருங்கள் ஒரு கோபம். அதைக் கெடுத்த வைரஸே கீழேயிருந்து யாரோ கொண்டுவந்த ஃப்ளாப்பியில்தான் மலையேறியது.

பழியோ ஒரு மிளகுத் தோட்டக்கார அக்காவின் மேல் விழுந்தது. சந்தை நாளில் நாளிதழ் தளத்தில் மிளகு விலையைப் பார்த்துவிட்டுத்தான் அவர் வியாபாரியிடம் பேசப் போவார். திரை கறுத்தபோது அவர் கை மௌஸில் இருந்தது. ஊரே அவரைப் பேசியது. அன்றிலிருந்து வாசலோடு நின்று, "வெல என்னங்க போட்டிருக்குது?" என்று கேட்பதோடு சரி.

பழுது பார்த்தவர், பாதுகாப்பு மென்பொருள் என்று இரண்டு சிடிகளைக் கொடுத்து, பிடித்ததை வைத்துக்கொள்ளச் சொன்னார். முதலாவது எதையும் தொட விடவில்லை. நாளிதழின் எழுத்துருவைக்கூட இறக்க விடாமல், தமிழையெல்லாம் கட்டம் கட்டமாகக் காட்டியது. கழற்றி எறிந்தேன். இரண்டாவது, யார் என்ன செய்தாலும் விட்டுவிடும். கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு மறுபடி போட்டால் எல்லாம் பழையபடி வந்துவிடுமாம். எழுத்துருவை முதலில் ஏற்றிவிட்டு அதை நிறுவினேன். கால் தரையில் பாவவில்லை எனக்கு.

சந்தை நாளன்று அந்த அக்காவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து உட்கார வைத்தேன்.

"இதுல இருக்கறதையெல்லாம் அழிங்கக்கா."

"வேண்டாங்க மேடம். மறுபடியும் என் தலைதான் உருளும்."

"கெட்டா நான் பாத்துக்கறேன்."

ஒற்றை விரலால் ஒவ்வொன்றாக அழித்தார். பாதியில் கரண்ட் போய்விட்டது. அக்கா எழுந்தேவிட்டார். "நான் ஒண்ணும் பண்ணலீங்க." அதுவரை துள்ளிக்கொண்டிருந்த எனக்கும் அந்தப் போர்வை ஞாபகத்துக்கு வந்தது.

கரண்ட் வந்ததும் மறுபடி போட்டேன். திரை மெல்ல வெளுத்தது. அழித்த அத்தனையும் அதனதன் இடத்தில் இருந்தன. மிளகு விலையும் நல்ல தமிழில் திறந்தது. நான் சின்னப்பிள்ளை மாதிரி கைதட்டினேன். அக்கா மட்டும் சிரிக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இனி நான் தொட்டாலும் ஒண்ணும் ஆகாதுங்களா?"

"யார் தொட்டாலும் ஆகாதுங்கக்கா."

அவர் வாசலுக்குப் போய், சந்தைக்கு வந்திருந்தவர்களை உள்ளே கூப்பிட்டார். அவர்தான் கெடுத்தார் என்று பேசியவர்களும் அதில் இருந்தார்கள். எல்லோரும் வந்து நின்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தார்.