பத்து பெரண்டாமில் யாரும் தொடாத தேநீர்

மலாக்காவுக்குப் போகிறவர்கள் ஆற்றில் படகு ஏறுவார்கள், சிவப்புக் கட்டடத்தின் முன் நின்று படம் பிடிப்பார்கள், கோழியும் சோற்று உருண்டையும் தின்றுவிட்டுத் திரும்புவார்கள். சென்ற ஆண்டு நடுவில் நான் போனது ஒரு தாதியர் கல்லூரியின் வாசலில் நாள் முழுக்கக் காத்துக் கிடக்க. பிள்ளையைத் தாதிமை படிக்க அனுப்பலாமா என்று இந்த வலைப்பூவில் சிலர் கேட்டிருந்ததால்தான் இதை எழுதுகிறேன். சுற்றுலாத் தகவலுக்காக வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், நடுவில் ஓர் அணைக்கட்டு வரும்.

என் அக்காள் மகள் யோகேஸ்வரி, வீட்டில் யோகா, மலாக்காவை ஒட்டிய பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு தனியார் கல்லூரியில் தாதிமை டிப்ளோமா கடைசி ஆண்டு. கல்லூரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை, பின்னூட்டத்தில் வந்து கேட்காதீர்கள். இந்தப் படிப்பில் ஒரு சங்கதி உண்டு. கல்லூரி சான்றிதழ் கொடுத்துவிட்டால் மட்டும் ஆகாது. தாதியர் வாரியம் அந்தப் படிப்பை ஏற்றிருக்க வேண்டும். ஏற்றிருந்தால்தான் மாணவர்கள் உரிமத் தேர்வு எழுத முடியும், தேறினால்தான் பதிவு, பதிவு இருந்தால்தான் நோயாளிமேல் கை வைக்கலாம். அந்த ஏற்பைப் புதுப்பிக்கும் நேரம் வந்து, ஆய்வுக் குழு நேரில் வருவதாக இருந்தது. யோகாவின் வகுப்பு அடுத்த தேர்வில் உட்காருமா உட்காராதா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தனியார் மருத்துவமனை அவளுக்கு வேலை தருவதாகவே சொல்லியிருந்தது, உரிமத்தோடு வந்தால்.

அக்காள் சுங்கை பட்டாணியில் தொழிற்சாலை வேலை. வீட்டுக்காரர் காலமான பிறகு அவள் ஒருத்தி சம்பாத்தியம். விடுப்பு கிடைக்கவில்லை. "நீதான் ஊர் சுத்துறவளாச்சே, இதையும் ஒரு சுத்து சுத்திட்டு வா" என்றாள். ஊர் சுற்றுவதும் ஒரு வேலைதான் என்று இந்தக் குடும்பத்துக்கு எத்தனை தரம் சொன்னாலும் ஏறாது.

தலைநகரின் தெற்கு முனையத்தில் காலை ஏழு மணிக்குப் பேருந்து. கட்டணம் பதினைந்து வெள்ளி. சாலை காலியாக இருந்ததால் இரண்டு மணி நேரத்தில் மலாக்கா சென்ட்ரல் பேருந்து நிலையம். அங்கிருந்து பத்து பெரண்டாம் ஆறு கிலோமீட்டர், கார் ஒன்பது வெள்ளி. ஓட்டுநர் நம்மவர், ஐம்பது வயதிருக்கும், கண்ணாடியில் பிள்ளையார் தொங்கினார்.

"எங்க தங்கச்சி, ஏர்போட்டா?"

"இல்லண்ணே. மிஸ்ஸி காலேஜ், நர்ஸுக்கு படிக்கிற எடம்."

"ஓ, ஃபேக்டரிங்களுக்குப் பக்கத்துல இருக்கே, அதுவா. அங்க படிச்சா லைசன் கெடைக்குதா?"

"அதத்தான் பாக்க போறேன்."

"கேட்டுட்டு சேக்கணும்லா. நம்ம ஆளுங்க சேத்துட்டுத்தான் கேப்பாங்க."

எனக்குச் சுருக்கென்றது. அக்காளும் நானும் சேர்க்கும்போது கட்டடத்தைப் பார்த்தோம், விடுதியைப் பார்த்தோம், குளியலறைக் குழாயைக்கூடத் திறந்து பார்த்தோம். மாணவர்களை எந்த மருத்துவமனை வார்டுக்கு, எத்தனை வாரம் அனுப்புவீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கல்லூரி என்றதும் மரமும் திடலும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மூன்று மாடிக் கடைவரிசை, கீழே டயர் கடை. அதன் வாசலில் நான் கண்ட காட்சியை அப்படியே சொல்கிறேன். மாவிலைத் தோரணம். ஒரு மேசையில் வெள்ளிச் செம்பில் பன்னீர், கிண்ணத்தில் சந்தனம், தட்டில் கற்கண்டு. பட்டுச் சேலையில் நான்கு அம்மாமார்கள். ஆய்வுக்கு வருகிறவர்களை நல்லபடியாகக் கவனித்தால் மனம் இளகும் என்று பெற்றோர்கள் கூடிப் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். கல்லூரி மேலாளரும் தடுக்கவில்லை. சாப்பாட்டுப் பொறுப்பு எதிரே காக்கா கடை, அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை, வைத்திருக்கும் ஷாகுல் காக்காவுக்கு. அவர் மகள் நூராவும் அதே வகுப்பு. கறிபாப்பு, வடை, கேசரி, பெரிய தட்டு நிறையத் தே தாரிக், நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர். மாப்பிள்ளை வீட்டாருக்குச் செய்வதற்கு இதில் ஒன்றும் குறையவில்லை.

காக்கா அன்று ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார். பெருவிரலில் துணி சுற்றியிருந்தது. என்ன என்று கேட்டேன். "செருப்பு கடிச்சிச்சி, அது கெடக்கு, நீங்க பசியாறியாச்சா?" என்று என்னைப் பிடித்து உட்காரவைத்து ரொட்டி சானாய் போட்டார். நல்ல ரொட்டி. ஓரம் மொறுமொறு, நடு பஞ்சு. மலாக்காவில் இதுவரை நான் தின்றதில் இதற்குத்தான் முதலிடம்.

பத்து மணிக்குக் குழு வந்தது. இரண்டு பெண்கள், ஓர் ஆண். தலைமைக்கு வந்த மலாய் அம்மாள் காரிலிருந்து இறங்கியதும் பன்னீர்ச் செம்பைத் தூக்கிக்கொண்டு ஒரு அம்மா பாய, அவர் அரை அடி பின்வாங்கினார். சிரித்து, நெஞ்சில் கை வைத்து நன்றி சொல்லிவிட்டு, சந்தனமும் கற்கண்டும் இருந்த மேசையைச் சுற்றிக்கொண்டு படியேறிவிட்டார். மூவர் கையிலும் ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல் இருந்ததை நான் கவனித்தேன். மற்றவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

அரை மணி கழித்துத் தேநீர்த் தட்டு மேலே போன மாதிரியே கீழே இறங்கி வந்தது. ஒரு குவளைகூடக் குறையவில்லை. நுரை மட்டும் அடங்கியிருந்தது.

"முடிஞ்சிச்சிலா" என்றார் பட்டுச் சேலை அம்மா ஒருவர். "எங்க பெரியவள பாக்க வந்த கூட்டம் இப்படித்தான் கேசரிய தொடாம எழுந்து போச்சி. அன்னிக்கே தெரிஞ்சி போச்சி எனக்கு."

"ஒரு மடக்குகூடவா குடிக்கல?" காக்கா குவளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். "நா சீனி கொறச்சலாத்தானே போட்டேன்."

"ஆய்வுக்கு வந்த எடத்துல அரசாங்க ஆளுங்க எதையும் வாங்கிக்க மாட்டாங்க காக்கா. அது அவங்க ஒழுங்கு. நீங்க தேன கலந்து குடுத்தாலும் தொட மாட்டாங்க" என்றேன். யார் கேட்டார்கள்? ஒரு அம்மா அழவே தொடங்கிவிட்டார். இன்னொருவர் கோயிலுக்கு நேர்ந்துகொண்டார். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர்கள் பயம் என்னவோ நிஜம். மூன்று ஆண்டுப் படிப்பு, படிப்புக் கடன், வயது வந்த பெண். உரிமம் இல்லையென்றால் அந்த வெள்ளைச் சீருடையை மடித்துப் பெட்டியில் வைக்க வேண்டியதுதான்.

நான்கு மணிக்குக் குழு கிளம்பிப் போனது, பிள்ளைகள் இறங்கி வந்தார்கள். நூரா முகம் வீங்கியிருந்தது. தகப்பனிடம் நேராக வந்து, "யோகா சொல்லிட்டா வாப்பா, எல்லாத்தையும் சொல்லிட்டா" என்றாள்.

நடந்தது இதுதான். குழு மாணவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறது. வார்டுப் பயிற்சி முழுக்க முடிந்தது என்று சொல்லும்படி கல்லூரி எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தது. உண்மையில் மருத்துவமனையில் ஒரே நேரத்தில் கொஞ்சம் பேருக்குத்தான் இடம், ஆனால் கல்லூரி சேர்த்திருந்ததோ அதைவிட அதிகம். பாதிப் பேர் பாதி நாள் மேல்மாடி அறையில் பொம்மையை வைத்துப் பழகியிருக்கிறார்கள். அந்த மலாய் அம்மாள் யோகாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: உயிருள்ள ஆளுக்கு எத்தனை தரம் புண் கட்டியிருக்கிறாய்? இவள் சொல்லியிருக்கிறாள்: இரண்டு தரம்.

காக்கா என் மேசைக்கு வந்து, நான் பாதி குடித்திருந்த தேநீரை எடுத்துக்கொண்டு போனார். "கட சாத்துற நேரம்." பக்கத்து மேசையில் தொழிற்சாலை ஆட்கள் இரண்டு பேர் அப்போதுதான் ரொட்டி சொல்லியிருந்தார்கள்.

என் பேருந்து ஏழரை மணிக்கு. கல்லூரி வாசலில் நின்று மற்ற பெற்றோரின் பார்வையைத் தாங்க முடியாமல் யோகாவை இழுத்துக்கொண்டு டுரியான் துங்கால் அணைக்கட்டுக்குப் போனேன். பத்துக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பேருந்தை நம்ப வேண்டாம், காரில் போங்கள், பதினாறு வெள்ளி ஆனது. ஊரைத் தாண்டியதும் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம், அப்புறம் அணை. தண்ணீர் கொஞ்சம் இறங்கி, கரையில் செம்மண் தெரிந்தது. நிழல் குறைவு, கடை கிடையாது, தண்ணீர் கொண்டுபோங்கள். மாலையில் காற்று நன்றாக இருக்கும். நான் காற்று வாங்கும் நிலையில் இல்லை.

"ஏன்டி, வாய வெச்சிக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாதா ஒனக்கு? ஒங்கம்மா அங்க ஷிப்டு மேல ஷிப்டா நிக்கிறா. நீ இங்க அரிச்சந்திரனுக்குத் தங்கச்சியா?"

அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சின்னம்மா, பொம்ம கால இழுத்துக்காது."

"என்னடி ஒளர்ற?"

"அந்த ரெண்டு பேருல ஒரு ஆச்சி. பழைய கட்ட பிரிக்கிறப்ப தோலோட ஒட்டிக்கிச்சி. அவங்க கத்துனாங்க. எனக்கு கை நடுங்கிப்போச்சி. சிஸ்டர் வந்து வாங்கிக்கிட்டாங்க. பொம்மைக்கு நூறு தரம் கட்டிட்டேன் சின்னம்மா, அது ஒரு தரமும் கத்தல. லைசன் வந்துட்டா அடுத்த தரம் வாங்கிக்க சிஸ்டர் இருக்க மாட்டாங்கலா. நாந்தான் சிஸ்டர்."

எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனால் அதற்குமேல் திட்ட வாய் வரவில்லை. பக்கத்துப் புக்கிட் காத்திலில், ஒரு தாமானில், அதாவது வீட்டுமனைக் குடியிருப்பில், கல்லூரி ஒரு வீட்டை எடுத்து விடுதியாக்கியிருந்தது. அங்கே அவளை இறக்கிவிட்டேன். கதவைத் திறந்த பெண் அவளைப் பார்த்ததும் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். இவளையும் கூட்டிக்கொண்டே ஊருக்குப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தாள்.

முடிவு சில வாரம் கழித்துக் கல்லூரி வழியாக வந்தது. படிப்புக்கான ஏற்பு பறிபோகவில்லை. ஆனால் புது மாணவர்களைச் சேர்க்கக் கூடாது, பயிற்றுநர்களைக் கூட்ட வேண்டும். இப்போதைய வகுப்பு நான்கு மாதம் கூடுதலாக வார்டில் நின்றுவிட்டு, அதற்கடுத்த தேர்வில்தான் உட்காரலாம். அந்தச் செலவு கல்லூரியுடையது. தனியார் மருத்துவமனை காத்திருக்கவில்லை, வேறு ஆளை எடுத்துக்கொண்டது. அக்காள் தொலைபேசியில் அழுதாள். நானும் அந்த மலாய் அம்மாளைக் கொஞ்சம் திட்டினேன், ஒளிக்க என்ன இருக்கிறது.

பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்களுக்கு, நான் பட்டதிலிருந்து சொல்கிறேன். "அங்கீகாரம் பெற்றது" என்று பதாகையில் போட்டிருந்தால் யாருடைய அங்கீகாரம் என்று கேளுங்கள். கல்லூரி நடத்த அனுமதி வேறு, உரிமத் தேர்வு எழுத வாரியத்தின் ஏற்பு வேறு. இரண்டாவது இருக்கிறதா என்று கல்லூரிக்காரரிடம் கேட்காமல் வாரியத்திடமே கேளுங்கள். ஏற்புக்குக் காலக்கெடு உண்டு, பிள்ளை முடிக்கிற ஆண்டுவரை வருமா என்று பாருங்கள். எந்த மருத்துவமனை, எந்த வார்டு, ஒரு தடவைக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். மேல்வகுப்புப் பிள்ளைகளைத் தனியாகப் பிடித்தும் கேளுங்கள். குளியலறைக் குழாயை அப்புறம் திறந்து பார்க்கலாம். ஆய்வுக்கு வருகிறவர்களுக்குப் பன்னீர் வேண்டாம், தேநீர் வேண்டாம். அவர்கள் குடிக்காததை வைத்து ஜோசியமும் வேண்டாம்.

கூடுதல் பயிற்சி முடிந்து, தேர்வுக்கு முந்தைய வாரம் யோகாவைப் பார்க்க மறுபடி போனேன். அதே பேருந்து, அதே பதினைந்து வெள்ளி. காக்கா கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். தலையைக் குனிந்து நடந்தேன்.

"தங்கச்சி."

காக்கா உட்கார்ந்திருந்தார். ஒரு காலை நாற்காலியில் நீட்டியிருந்தார். பெருவிரல் இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டு, விரல் இல்லை.

"செருப்பு கடி இல்ல, சக்கர வியாதி புண்ணு" என்றார். "காட்டாம வெச்சிக்கிட்டேன், வெரலோட போச்சி. பெரிய ஆஸ்பத்திரில மூணு வாரம் கெடந்தேன். ஒரு நா காலையில தெரைய வெலக்கிக்கிட்டு ட்ரேயோட நிக்கிறா ஒங்க யோகா. பின்னால சிஸ்டர் ஒருத்தங்க பாத்துக்கிட்டு நிக்கிறாங்க."

நான் உட்கார்ந்தேன். "திட்டுனீங்களா காக்கா?"

"திட்டத்தான் நெனச்சேன். ஆனா அவ கட்ட பிரிக்க கைய கொண்டாந்தாளா, வாயில வேற வந்திச்சி." காக்கா தன் காலைப் பார்த்தார். "'இதுக்கு முன்னால எத்தன பேருக்கு கட்டியிருக்க'ன்னு கேட்டேன்."

சாலையில் லோரி ஒன்று போனது. அது போனதும் கேட்டேன்.

"என்ன சொன்னா?"

"'அம்பதுக்கு மேல, காக்கா'ன்னா. 'அம்பதும் மனுசங்கதான்'னா. அப்பறந்தா கால நீட்டினேன்."

அவர் எழுந்திருக்க முயன்றார், நான் தடுத்தும் கேட்கவில்லை. நொண்டிக்கொண்டே போய், தாமே ஆற்றி, நுரை தளும்பத் தேநீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். இந்தத் தடவை முழுக்கக் குடிக்கவிட்டார்.