டேப்பு ஒட்டாத பிரேக்

என் மகன் தன் பைக்கில் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் காலிப்பருக்குச் சிவப்புப் பெயிண்ட் அடிக்கப் போவதாகச் சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கழற்றிய போல்ட்டுகளை ஒரு தட்டில் போடச் சொல்லி எண்ணினேன். சந்தேகம் வந்து மறுபடியும் எண்ணினேன். “பிரேக் பேடைக் கழட்டினியா? டிஸ்க்குல படாம பேப்பர் சுத்தினியா?” என்று நான் சுற்றிச் சுற்றி வந்ததில் அவன் பொறுமை இழந்து, “அப்பா, நீ உள்ள போய் டிவி பாரு” என்றான். ஐம்பதுக்கு முன்பே நான் கிழவனாகிவிட்டதாக வீட்டில் ஒரு பேச்சு உண்டு. இருக்கட்டும். பெயிண்ட் குடித்த பிரேக் என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரியாது. நான் அப்படிப்பட்ட ஒரு வண்டியின் டாங்க் மேல் உட்கார்ந்து போனவன்.

1991 என்றால் எங்கள் பக்கத்து ஆட்களிடம் எல்லோரும் அந்த மே மாதக் குண்டுவெடிப்பைப் பற்றித்தான் கேட்பார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வெள்ளிப் பெயிண்டின் வாசனைதான்.

பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீடு. அப்பாவிடம் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. டிஸ்க் பிரேக்கை அப்போது நாங்கள் கண்டதில்லை. சக்கரத்தின் நடுவில் சட்டி போல ஒரு டிரம், அதற்குள் பிறை வடிவில் இரண்டு பிரேக் கட்டைகள். மிதித்தால் கட்டைகள் விரிந்து டிரம்மின் உட்புறத்தைப் பிடிக்கும், வண்டி நிற்கும்.

சித்தப்பா மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் பெயிண்ட் அடிக்கும் பிரிவில் இருந்தார். அவருக்கு அப்பா சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தார். சித்தப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அப்பா முடிவு செய்த பிறகு வாய் திறக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. “பொண்ணு வூட்டுக்கு இந்தத் துருப்புடிச்ச வண்டிலயா போறது?” என்று அப்பா முனகியதற்கு மட்டும், “நான் அடிச்சுத் தரேண்ணா” என்றார்.

பெண் பார்க்கப் போவதற்கு முந்தின நாள் இரண்டு சக்கரங்களையும் கழற்றி, கம்பெனியில் செய்வது போலவே மாட்டுக்கொட்டகை உத்தரத்தில் கம்பி கட்டித் தொங்கவிட்டார். கொசு மருந்து அடிக்கும் பம்பில் வெள்ளிப் பெயிண்டையும் தின்னரையும் கலந்து ஊற்றிக்கொண்டார். டிரம்முக்கு வெளியே அடித்தார். உள்ளே அடித்தார். பிரேக் கட்டைகளையும் விடவில்லை.

“உள்ளயுமா சித்தப்பா?”

“டேய், அடிக்கக் கூடாத எடம்னா டேப்பு ஒட்டிகினுதான் எங்கிட்ட வரும். இதுல டேப்பு கீதா? இல்ல. அப்ப அடிக்க வேண்டியதுதான்.”

“யாரு ஒட்டுவாங்க?”

“அதுக்குன்னு ஒரு பொண்ணு கீது. அது ஒட்னா ஒரு பொட்டு உள்ள போவாது” என்றவர், பம்பை நிறுத்திவிட்டுத் தொங்கும் சக்கரத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். சக்கரம் அழகாக இருப்பதால் சிரிக்கிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் அம்மா பழத்தட்டோடு முன்னாலேயே பஸ்ஸில் போய்விட்டாள். சித்தப்பா ஓட்ட, அப்பா பின்னால், நான் டாங்க் மேல். ஒரகடம் கூட்டு ரோட்டில் வண்டி நிற்காமல், சித்தப்பா இரண்டு கால்களையும் தரையில் தேய்த்து நிறுத்தினார். “புதுப் பெயிண்டுண்ணா, போவப் போவப் புடிக்கும்” என்றார். அப்பா நம்பினார். தம்பியின் தொழில் விஷயத்தில் அவர் தலையிடுவதில்லை.

பெண் வீட்டுத் தெரு இறக்கமாக இருந்தது. வாசலில் பெண்ணின் அப்பா கைகூப்பியபடி நின்றார். பக்கத்தில் என் அம்மா.

“நிறுத்துடா!”

“நிக்கலண்ணா!”

வேறு வழி தெரியாமல் அப்பாவும் ஓடுகிற வண்டியிலிருந்தே கைகூப்பினார். நானும் கூப்பினேன். அந்த வீட்டைத் தாண்டி, அடுத்த வீட்டையும் தாண்டி, யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் ஏறி வண்டி சாய்ந்தது. மணலைத் தட்டிக்கொண்டு மூவரும் நடந்து திரும்பினோம். “இன்னா மாப்ள, எங்க வூடு புடிக்கலன்னு நேரா போய்ட்டியா?” என்று அங்கிருந்த பெரியவர் ஒருவர் கேட்டதற்கு உள்ளே பெண்கள் சிரித்தார்கள். சொஜ்ஜியும் பஜ்ஜியும் கொடுத்தார்கள். ஆனால் முதல் தடவையே வாசலைத் தாண்டிப் போன மாப்பிள்ளை வேண்டாம் என்று இரண்டு நாளில் தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அப்பாவுக்கு அவமானம் தாங்கவில்லை. சித்தப்பாவோடு பேச்சை நிறுத்திவிட்டார். “அவன் இனிமே என் வண்டியத் தொடக் கூடாது” என்று அம்மாவிடம் சொன்னார். சித்தப்பா தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டு எழுந்துபோவார்.

அந்த வாரக் கடைசியில் அவர் கம்பெனியிலிருந்து ஒரு பையோடு வந்தார். உப்புத்தாளும், வட்டமாக வெட்டி ஓரத்தில் டேப்பு ஒட்டிய பழுப்புக் காகிதங்களும் அதில் இருந்தன. அப்பா வயலில் இருந்த நேரத்தில் டிரம்மின் உட்புறத்தைத் தின்னர் தொட்டுத் துடைத்தார். கட்டைகளை உப்புத்தாளால் தேய்த்தார். தின்னர் வழிந்து வெளிப்புறம் திட்டுத் திட்டாகிவிட்டது. மறுபடியும் அடிக்க வேண்டும். அந்தக் காகிதத்தை எடுத்து டிரம்மின் வாயில் வைத்தார். அளந்து செய்த மூடி போல உட்கார்ந்தது.

“யாரு வெட்டிக் குடுத்தது?” என்றாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா.

“கம்பெனில டேப்பு ஒட்ற பொண்ணு அண்ணி. நடந்ததச் சொன்னேன். ‘உங்க வூட்ல ஒட்றதுக்கு ஆளு இல்ல போல கீது’ன்னு சொல்லிட்டு ஒரே சிரிப்பு.”

அம்மாவின் முறம் நின்றது. சித்தப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள். “அப்படியா சொல்லிச்சு?” என்றாள். பிறகு அவளும் சிரித்தாள்.

மாலையில் அம்மா சொல்லித்தான் அப்பா வண்டியை எடுத்தார். ஏரிக்கரை வரை போய்த் திரும்பி வந்து வாசலில் பிரேக்கை மிதித்தார். வண்டி மிதித்த இடத்திலேயே நின்றது. இறங்கிக் குனிந்து, வெள்ளிப் பூச்சு ஒரு நூல் பிசகாமல் முடிந்திருந்த விளிம்பை விரலால் தடவினார்.

“யாரு ஒட்னது இது?”

“நம்ம வூட்டுக்கு ஒட்ற ஆளு. அந்தக் கம்பெனிப் பொண்ண விட்டுட்டு வேற எவளைக் கட்டினாலும் உங்க தம்பி இப்படித்தான் நிக்காம போவாரு” என்றாள் அம்மா. அவள் அப்பாவிடம் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. அப்பா வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

“ஞாயித்துக்கெழம வரச் சொல்லு. பெரியவங்களோட.”

பிற்பாடு அம்மா படுக்கையில் விழுந்த ஆண்டு என் தலைக்கு எண்ணெய் வைத்துப் பள்ளிக்கு அனுப்பியவர் என் சித்தியாக வந்த அந்தப் பெண்தான். அப்பா கோபத்தில் வீசிய எத்தனையோ சொற்கள் எங்கள் மேல் படாமல் தடுத்தவரும் அவர்தான். எல்லாவற்றையும் எண்ணுகிற எனக்கு அதை எண்ணி முடிக்க வரவில்லை. இப்போதுகூட மகனின் காலிப்பர் விஷயத்தில் பயம் தாங்காமல் அவருக்குத்தான் போன் செய்தேன். டேப்போடு வருகிறேன் என்றிருக்கிறார்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு விளங்கியதெல்லாம் இவ்வளவுதான்: பிரேக் பார்க்கிற அக்கா ஒருவர் வரப்போகிறார். அதனால் என் சின்ன சைக்கிளைத் துடைத்து, எண்ணெய் போட்டு, வாசலில் நிறுத்தி வைத்தேன். அவர் பட்டுப் புடவையில் தன் அம்மாவோடு வந்தார். பெரியவர்கள் உள்ளே பேசிக்கொண்டிருந்தபோது நான் அவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து சைக்கிளைக் காட்டினேன். சித்தப்பாவும் பின்னாலேயே வந்தார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார்கள். சித்தப்பா பெடலைச் சுற்றினார். அந்த அக்கா பிரேக்கைப் பிடித்தார். மறுபடியும் இவர் சுற்றினார், மறுபடியும் அவர் பிடித்தார். அம்மா காபி ஆறுவதாக உள்ளிருந்து கூப்பிட்டும் நிமிரவில்லை. எனக்கு ஒரே பெருமை. கம்பெனி ஆட்கள் இருவர் அவ்வளவு நேரம் பார்க்கும்படி என் சைக்கிளில் அப்படி என்னதான் இருக்கிறது என்று நானும் குனிந்து பார்த்தேன்.