சக்கரத்தில் போட்ட குறி

என் நாத்தனாருக்கு நான் வைத்த பெயர் மிச்சக்காரி. துணி மூட்டை ஏற்றும் எங்கள் வண்டியை முதன்முதலாக அவளே பிரித்து மாட்டிய அன்று கையில் ஒரு நட்டு மிச்சமாகிவிட்டது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கம்பெனிக்காரன் கூடுதலா போட்டது அண்ணி" என்றாளே பார்க்கலாம்! அப்படிக் கூப்பிட்டால் அவளும் கூச்சமில்லாமல் திரும்பிப் பார்ப்பாள்.

வீட்டை ஒட்டிய கொட்டகையில் நாங்கள் இருவரும் சலவைத் தொழில் செய்கிறோம். விடுதிகளின் படுக்கை விரிப்புகளும் துண்டுகளும் எங்களிடம் வரும். துவைப்பது, பிழிவது, வண்டி ஓட்டுவது அவள் பாடு. இஸ்திரி போடுவதும், எது எந்த விடுதியுடையது என்று மூலையில் அழியாத மையால் குறி போடுவதும் என் பாடு. மூட்டையை இறக்க இரண்டு ஆள் வேண்டும் என்பதால் வண்டியில் நானும் போவேன். என் வீட்டுக்காரர், அதாவது அவளுடைய அண்ணன், சரக்கு ரயிலில் கார்டு. பாதி நாள் வெளியூரில்தான் இருப்பார்.

வண்டி ஒரு பழைய வேன். பட்டறையில் விட்டால் "நாளைக்கு வாங்கம்மா" என்பார்கள். அந்த நாளை வரவே வராது. ஒருமுறை மூட்டைகளைத் தலையில் சுமந்தே விடுதிக்குப் போனோம். அன்றைக்குத்தான் அவள் "நானே பாத்துக்கறேன்" என்று ஸ்பேனரைக் கையில் எடுத்தாள்.

பிழிந்து பழகிய கை அவளுடையது. அவள் பிழிந்த விரிப்பில் சொட்டுத் தண்ணீர் நிற்காது. எஞ்சின் ஆயிலை மாற்றிவிட்டு, அடியில் இருக்கும் போல்ட்டையும் ஈரப் போர்வையை முறுக்குவதுபோலவே முறுக்கினாள். போல்ட்டின் திருகு மரை தேய்ந்துபோய்விட்டது. மறுநாள் காலையில் வண்டிக்கடியில் கறுப்பாக ஒரு குளம். காற்றில் பறந்த வெள்ளை விரிப்பு ஒன்று, உலகத்தில் வேறு இடமே இல்லாததுபோல அதன்மேல் போய் விழுந்தது.

"அண்ணி, திட்டிருங்க. நீங்க சும்மா நிக்கிறதுதான் பயமா இருக்கு."

திட்டினேன். மூச்சு வாங்கும்வரை திட்டினேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு அண்ணனுக்கு அவளே போன் போட்டு, "தப்பு என்னோடது, அளவுக்கு மேல முறுக்கிட்டேன்" என்று சொன்னாள். கெட்டுப்போன விரிப்பைக் கிழித்துக் கை துடைக்க வைத்துக்கொண்டாள்.

சூடு கண்ட பூனை என்பார்களே, அடுத்த முறை அப்படி ஆகிவிட்டது. பிரேக் கட்டை மாற்றுவதற்காக முன்சக்கரத்தைக் கழற்றியவள், திரும்ப மாட்டும்போது நட்டுகளைக் குழந்தைக்குச் சட்டைப் பொத்தான் போடுவதுபோல மெல்ல மெல்ல முடுக்கினாள்.

மூட்டைகளோடு மேட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். டக டக என்று சத்தம். ஸ்டியரிங் அவள் கையில் ஆடியது. ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தால், ஐந்து நட்டில் இரண்டைக் காணோம். மற்ற மூன்றையும் என் விரலாலேயே சுற்ற முடிந்தது.

"இனிமே இந்த வண்டியில ஏறினேன்னா என் பேரை மாத்தி வச்சுக்கடி!" என்று கத்திவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டேன். அவள் மிச்ச நட்டுகளை முடுக்கி, வண்டியை மெல்ல உருட்டிக்கொண்டு பின்னால் வந்து சேர்ந்தாள்.

வீட்டுக்காரர் வந்ததும் சுருக்கமாக முடித்துவிட்டார். "நீ ஏறலைன்னா வண்டி எதுக்கு? அவ ஒருத்தியா மூட்டையைத் தூக்குவா? வித்துட்டு வாடகை வண்டி பேசிக்கலாம். ஞாயித்துக்கிழமை ஒருத்தரைப் பாக்க வரச் சொல்றேன்."

ஒன்றுக்கு ஒன்பது பேசுகிறவள் அன்று சாப்பாட்டுத் தட்டில் விரலால் கோடு கிழித்துக்கொண்டிருந்தாள். சலவைத் தொட்டிமேல் குனிந்தே கிடந்தவள், அந்த ஸ்டியரிங் முன்னால்தான் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அது எனக்குத் தெரியாதா? ஆனால் பயம் போகமாட்டேன் என்கிறதே, நான் என்ன செய்ய?

அதன்பிறகு வேலை முடிந்த நேரமெல்லாம் அவள் வண்டியருகில்தான். காணாமற்போன நட்டுகளுக்குப் புதிது வாங்கினாள். வண்டியோடு வந்த புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டாள். சரியான அளவு வந்ததும் 'டக்' என்று சொல்லும் ஸ்பேனர் ஒன்றை இரவல் வாங்கி வந்து, அதே சக்கரத்தைக் கழற்றிக் கழற்றி மாட்டினாள். "இனிமே கையை நம்பமாட்டேன். ஒண்ணு பிழியுது, இல்லேன்னா தடவுது" என்று தன் கையையே திட்டிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை இஸ்திரி மேசைப் பக்கம் வந்து நின்றாள்.

"அண்ணி, குறி மையை எடுத்துக்கிட்டு வாங்க."

"எதுக்குடி? சக்கரத்தை வெளுக்கப் போடப் போறியா?"

"ஒவ்வொரு நட்டுலேருந்தும் சக்கரத்துக்குச் சேர்த்து ஒரு கோடு இழுங்க. நட்டு அசைஞ்சா கோடு விட்டுப்போயிரும். நீங்க துணிக்குக் குறி போடறதைப் பாத்துத்தான் தோணிச்சு."

"நீயே போட்டுக்கறதுதானே!"

"என் தப்பு என் கண்ணுல படாது அண்ணி. உங்க கண்ணுக்குத் தப்பாது. நீங்க பாத்து சரின்னு சொன்னாத்தான் வண்டி நகரும்."

கோபமாகப் பதில் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் மையை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனேன். உட்கார்ந்து ஐந்து கோடும் போட்டேன். அவள் மட்டும் மேடுவரை ஓட்டிப்போய்த் திரும்பினாள். நான் குனியும் முன்பே, "ஒண்ணு விட்டிருக்கு அண்ணி" என்றாள். முகம் வாடியிருந்தது. "கொஞ்ச தூரம் ஓட்டிட்டு மறுபடி முடுக்கணும்னு புத்தகத்துல போட்டிருக்கு. அந்தப் பக்கத்தைப் படிக்காமத் தாண்டிட்டேன்."

மறுநாள் வண்டி பார்க்க ஆள் வரப்போகிறார். மறைத்திருக்கலாம், பக்கத்திலிருந்த மையை எடுத்து இழுத்துவிட்டிருக்கலாம். இவள் செய்யமாட்டாள். என் பயம் போனது அந்த நிமிஷத்தில்தான், கோடுகளைப் பார்த்து அல்ல.

ஸ்பேனர் 'டக்' என்றது. பழைய கோடு துடைத்தும் போகவில்லை. என் மை அல்லவா! பக்கத்திலேயே புதிதாக ஒன்று போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மூட்டைகளை ஏற்றியதும் கதவைத் திறந்து நானும் ஏறி உட்கார்ந்தேன்.

"அப்ப பேரை மாத்திரலாமா அண்ணி?" என்றாள். சிரித்தாளா, அழுதாளா, இரண்டும்தான்.

"மாத்திக்கோ. முதல்ல ரோட்டைப் பாரு."

மேட்டைத் தாண்டி நிறுத்தினோம். இறங்கிப் பார்த்தேன். ஐந்து கோடும் நேராக இருந்தன. விடுதி வாசலில் மூட்டை இறக்கிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. வீட்டுக்காரர்.

"வண்டி பாக்க அவர் வந்து உக்காந்திருக்காரு. வண்டி எங்கே?"

"எங்களோட இருக்கு. ஒரு காபியைக் குடுத்து அவரை அனுப்பி வைங்க."