நான்காம் பெஞ்சின் திண்டு

ஆல்டன் ஃபோர்க் என்ற அமெரிக்கச் சிற்றூரின் மெதடிஸ்ட் தேவாலயத்தில் யாருக்கும் இடம் ஒதுக்கப்பட்டதில்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் இருந்தது. இடப்பக்கம் நான்காவது பெஞ்சின் நடைபாதை ஓரம் லோர்னா பெக்வித்துக்கு உரியது. தாயின் மடியில் கைக்குழந்தையாக அங்கே உட்காரத் தொடங்கியவர் அவர். திருமணம், கணவரின் அடக்கம், தானியக் கிடங்கின் எடைமேடையில் பார்த்த வேலையிலிருந்து ஓய்வு என எது வந்து எது போனாலும், ஞாயிற்றுக்கிழமை அந்த ஓரத்தை அவர் விட்டதில்லை.

அவருக்கு அடுத்த இடம் தம்பி வெண்டல் ஃபென்னுடையது. டிராக்டர் இருக்கையில் கழிந்த வாழ்க்கை வெண்டலின் இடுப்பைப் பழுதாக்கியிருந்ததால், கட்டம் போட்ட கம்பளித் துணியில் லோர்னா ஒரு திண்டு தைத்துக் கொடுத்திருந்தார். அது பெஞ்சிலேயே கிடக்கும். பாட்டுப் புத்தகம் இருவருக்கும் ஒன்றே. வெண்டல் பிடித்துக்கொள்வார், லோர்னா பக்கம் திருப்புவார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் சபை ஒரு வாக்கெடுப்பு நடத்தியது. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் இணையாக வாழும் குடும்பங்களையும் மற்றெல்லாரையும் போலவே ஏற்று, அவர்களது திருமணத்தையும் இதே பீடத்தின் முன் நடத்தி வைப்பது என்பது தீர்மானம். லோர்னா ஆதரித்தார். அவருடைய காரணம் வேத விளக்கம் எதிலிருந்தும் வந்ததன்று. ஆர்கன் வாசிக்கும் ஓரின் பெல்லிடமிருந்து வந்தது. ஓரினும் ஸ்டானும் பல ஆண்டுகள் ஒரே வீட்டில் இணையாக வாழ்ந்த இரு ஆண்கள். ஸ்டானின் அடக்கத்துக்குப் பிந்திய சாப்பாட்டில் குடும்பத்தார் மேசையில் அவருடைய தூரத்து உறவினர்கள் அமர்ந்திருக்க, ஓரின் விருந்தாளிகளின் வரிசையில் தட்டேந்தி நின்றார். உருளைக்கிழங்கு மசியலைப் பரிமாறிக்கொண்டிருந்த லோர்னாவால் அந்தத் தட்டை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வாக்கெடுப்பு நாளில் அவர் கை உயர்ந்ததற்கு அந்தத் தட்டே காரணம்.

வெண்டல் எதிர்த்தார். தீர்மானம் நிறைவேறியதும், நெடுஞ்சாலையோரம் மூடிக்கிடந்த நாற்காலிக் கடையில் தொடங்கப்பட்ட புதிய சபைக்குப் போய்விட்டார். அவரோடு பல குடும்பங்களும் போயின. அக்காவும் தம்பியும் சண்டை போடவில்லை. மழையைப் பற்றியும் சோளத்தின் விலையைப் பற்றியும் தொலைபேசியில் பேசிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு மட்டும் நின்றுபோயிற்று. திண்டு பெஞ்சிலேயே கிடந்தது. ஆராதனைக்கு முன் அதைத் தட்டிச் சீர்ப்படுத்தி வைப்பது லோர்னாவின் வழக்கமாயிற்று.

அக்டோபரின் முதல் ஞாயிறு, திருவிருந்து நாள். முதல் பாட்டின் நடுவே பின்கதவு திறந்து இரண்டு இளம்பெண்கள் உள்ளே வந்தார்கள். ஒருத்தி உயரம், தோளில் ஒரு பை. மற்றவள் கையில் நடை பழகிய குழந்தை. இறங்கிய குழந்தை நேரே நடைபாதையில் ஓடி, நான்காவது பெஞ்சுக்கு வந்து, லோர்னாவின் முழங்காலுக்கு முன்னால் நுழைந்து, கட்டம் போட்ட திண்டின்மேல் ஏறி உட்கார்ந்தது. பெண்கள் சிரித்துக்கொண்டே பின்னால் வந்தார்கள்.

மனம் யோசிப்பதற்கு முன் லோர்னாவின் வாய் பேசிவிட்டது.

"அங்க வேண்டாம்மா. அது ஆள் இருக்கிற இடம்."

உயரமானவளின் முகத்தில் சிரிப்பு நின்றது. வெறுமையாகக் கிடந்த பெஞ்சை ஒரு முறை பார்த்தாள். லோர்னாவை ஒரு முறை பார்த்தாள். "மன்னிச்சுக்கங்க" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். மூவரும் கடைசிப் பெஞ்சுக்குப் போனார்கள். திருவிருந்துக்கு எழுந்த லோர்னா திரும்பிப் பார்த்தபோது கடைசிப் பெஞ்சு காலியாக இருந்தது.

ஆராதனை முடிந்து கீழ்த்தளத்தில் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தவரிடம் ஓரின் வந்தார். ஆர்கனுக்கு மேலே போதகரின் சைகையைப் பார்ப்பதற்காக மாட்டிய சிறு கண்ணாடி ஒன்று உண்டு. அதில் அவர் சபை முழுவதையும் பார்த்துவிடுவார்.

"அந்தப் பொண்ணுங்ககிட்ட என்ன சொன்ன லோர்னா? எதுக்கு அப்படி எழுந்து போனாங்க?"

"வெண்டல் இடம்னு சொன்னேன்."

"வெண்டல்னு சொன்னியா?"

"ஆள் இருக்குன்னு சொன்னேன்."

ஓரின் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். "பேஷ்! வாசல்ல 'எல்லாரும் வாங்க'ன்னு கொடி. உள்ள வந்தா 'உனக்கு இடமில்ல'ன்னு நீ. அந்தக் கொடியத் தச்சது யாரு? நீதானே?"

"நான் அப்படி நினைச்சுச் சொல்லல ஓரின்."

"நீ நினைச்சது எனக்குத் தெரியும். அவங்களுக்கு எப்படித் தெரியும்? ரெண்டு பொம்பளைங்க, கையில ஒரு குழந்தை. காலியா கிடக்குற பெஞ்சுல ஒரு கிழவி உட்காரக் கூடாதுங்கிறா. நானா இருந்தா என்ன நினைச்சிருப்பேன்?"

லோர்னா கெண்டியை மேசையில் வைத்தார். தட்டேந்தி நின்ற ஓரினை நிமிர்ந்து பார்க்க முடியாத அந்த நாள் அவருக்கு நினைவு வந்தது. அன்று ஓரினுக்குச் செய்யப்பட்டதை இன்று அந்த இருவருக்கும் செய்தவர் அவரே. அந்தப் பெண்கள் திரும்பி வராவிட்டால், அவர் உயர்த்திய கைக்கு என்ன பொருள்?

போதகர் டாம்சின் ஓக்ஸ், தாமே போய்ப் பேசுவதாகச் சொன்னார். "வேண்டாம் பாஸ்டர். விரட்டினவதான் போகணும்" என்றார் லோர்னா.

புதிதாக வந்தவர்கள் குடியிருக்கும் வீடு எது என்று அறிய ஆல்டன் ஃபோர்க்கில் இரண்டு பேரைக் கேட்டால் போதும். மறுநாள் மாலை லோர்னா, கோழியும் நூடுல்ஸும் சேர்த்துச் சுட்ட கண்ணாடிப் பாத்திரத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் பின்னாலிருந்த வீட்டுக் கதவைத் தட்டினார். பாத்திரத்தின் அடியில், இந்த ஊரில் எல்லாப் பாத்திரங்களின் அடியிலும் இருப்பதுபோல, பாத்திரம் திரும்பி வருவதற்காக அவர் பெயர் எழுதிய ஒட்டுநாடா இருந்தது.

உயரமானவள்தான் கதவைத் திறந்தாள். பெயர் டேசியா. உள்ளே அழைக்கவில்லை.

"நான் நேத்துச் சொன்னது…"

"புரிஞ்சுதுங்க. இதுக்கு முன்னாடி இருந்த ஊர்லயும் இப்படித்தான். யாரும் வெளிய போன்னு சொல்ல மாட்டாங்க. 'இங்க ஆள் வருது, அங்க ஆள் வருது'ன்னுதான் சொல்லுவாங்க."

லோர்னா திண்டைப் பற்றிச் சொன்னார்; தம்பியைப் பற்றிச் சொன்னார். உள்ளிருந்து மற்றவள், கொரின், குழந்தையோடு வந்து பின்னால் நின்று கேட்டாள். எல்லாவற்றையும் கேட்டு முடித்த டேசியா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"உங்க தம்பி வருவாரா?"

லோர்னா பாத்திரத்தைச் சுற்றிய துணியைச் சரிசெய்துகொண்டார்.

"வர்றவங்கள எழுப்பிவிட்டு, வராதவருக்கு இடம் பிடிச்சு வச்சிருக்கீங்க" என்றாள் டேசியா. குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது.

கொரின் கை நீட்டிப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள். "சூடா இருக்கு டேஸ், அவங்க எவ்வளவு நேரம் பிடிச்சுட்டு நிப்பாங்க?" என்றாள். கதவு மூடிக்கொண்டது. பாத்திரமாவது உள்ளே போயிற்றே என்று எண்ணிக்கொண்டு லோர்னா வண்டிக்கு நடந்தார்.

டேசியாவின் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய மனிதர் ஒருவர்தான். புதன்கிழமை லோர்னா தேவாலயத்துக்குப் போய்த் திண்டை எடுத்துக்கொண்டு வெண்டலின் பண்ணைக்குப் போனார். அறுவடை இயந்திரத்தை நிறுத்தி, மசகு படிந்த கையைத் துடைத்துக்கொண்டிருந்தார் வெண்டல்.

"என்ன லோர்னி, என் திண்டத் தூக்கிட்டு வந்துட்ட? ஊர விட்டுத் தள்ளி வைக்கிறீங்களா?"

"டேய், விளையாடாத. ஒண்ணு கேக்கறேன், நேராச் சொல்லு. நீ திரும்பி வருவியா, மாட்டியா?"

வெண்டல் அறுத்த வயலைப் பார்த்தார். "மாட்டேன்."

"எப்பவுமா?"

"பிரசங்கம் கேக்க வர மாட்டேன். உன் அடக்கத்துக்கு வேணா வரேன்."

"நான் உன்னை முதல்ல அனுப்பிட்டுத்தான்டா போவேன்."

இருவரும் சிரித்தார்கள். பிறகு லோர்னா சிரிப்பை நிறுத்திக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொன்னார். வெண்டல் குறுக்கிடாமல் கேட்டார். அந்தப் பெண்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. திண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அங்க எங்களுக்கு மடக்கு நாற்காலி. இரும்பு. ரெண்டு வருஷமா என் இடுப்பு படுற பாடு கர்த்தருக்குத்தான் தெரியும்."

"அப்போ வந்து எடுத்துட்டுப் போயிருக்கலாமே, மடையா?"

"எடுத்துட்டா அப்புறம் அங்க என்னோடதுன்னு என்ன இருக்கும்?"

அந்த இடத்தைத் தாம் ஒருவரே காத்துவந்ததாக லோர்னா அதுவரை எண்ணியிருந்தார். தம்பியும் இரும்பு நாற்காலியில் இடுப்பு நொந்து, அதே இடத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில உன் நாற்காலி இருக்கு. அதுவும் காலியாத்தான் கிடக்கு. ஞாயித்துக்கிழமை வா" என்றார்.

"உங்க பாஸ்டர் ஆராதன முடிச்சு எப்போ விடுவாங்க?"

"உங்காளு விடுறதுக்கு முன்னாடி."

"அது பெரிய காரியமில்ல, எங்காளு பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டார்" என்றார் வெண்டல்.

அடுத்த ஞாயிறு ஆராதனையில், சபையார் தங்கள் மகிழ்ச்சிகளையும் கவலைகளையும் பகிரும் நேரம் வந்தது. ஒருவர் முழங்கால் அறுவை சிகிச்சைக்கும், மற்றொருவர் பேத்தியின் தேர்வுக்கும் ஜெபிக்கச் சொன்ன பிறகு, லோர்னா எழுந்து நின்றார். அவர் அந்த நேரத்தில் எழுந்து யாரும் பார்த்ததில்லை.

"போன வாரம் இந்தப் பெஞ்சுல உட்கார வந்தவங்கள நான் எழுப்பிவிட்டேன். அவங்க தப்பு ஒண்ணுமில்ல. வராத ஒருத்தனுக்காக இடம் பிடிச்சு வச்சிருந்தேன். அவனையே கேட்டுட்டேன், வர மாட்டானாம். இனி இங்க யாரு வேணா உட்காரலாம். அவ்வளவுதான்."

உட்கார்ந்தார். வலப்பக்கத்திலிருந்து முதியவர் ஒருவர் தொண்டையைச் செருமினார். "அப்போ நானும் சொல்லிடறேன். பக்கத்துல இருந்த குடும்பம் போனதுலேர்ந்து அங்க என் கோட்டத்தான் போட்டு வச்சிருக்கேன். கோட்டுக்கு இடம் வேணும்னு இல்ல."

இன்னொரு பெண், தன் தோழியின் இடத்தில் வாரந்தோறும் பாட்டுப் புத்தகத்தை விரித்து வைப்பதாகச் சொன்னாள். அப்போதுதான் சபை தன்னையே ஒரு முறை சுற்றிப் பார்த்தது. கோட்டுகள், கைப்பைகள், விரித்த புத்தகங்கள், ஒரு குடை: போனவர்கள் அத்தனை பேருக்கும் இடம் போட்டு வைத்துவிட்டு, புதியவர்கள் ஏன் வருவதில்லை என்று கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருந்த சபை அது. முதியவர் கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மற்றவர்களும் எடுத்தார்கள். ஆர்கன் கண்ணாடியில் ஓரினின் கண்கள் சிரித்தன.

ஆனால் டேசியாவும் கொரினும் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. பாத்திரமும் திரும்பவில்லை. லோர்னா போய்க் கேட்கவில்லை. பாத்திரத்தைக் கேட்பது, ஏன் வரவில்லை என்று கேட்பதாகிவிடும். மாறாக, வாழ்நாளில் முதல்முறையாக நான்காவது பெஞ்சை விட்டு, கதவருகே கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அன்று கண்ணாடியில் வழக்கமான இடத்தில் அவரைக் காணாத ஓரின் பதறி, முதல் பாட்டைத் தவறான சுரத்தில் தொடங்கிவிட்டார்.

"செத்துட்டியோன்னு நினைச்சேன்" என்றார் பிறகு.

"உங்க வாசிப்பக் கேட்டவங்களும் நீங்க போயிட்டீங்கன்னுதான் நினைச்சாங்க."

நவம்பரின் முதல் ஞாயிறு மறுபடியும் திருவிருந்து நாள். ஆராதனைக்குப் பின் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சேர்ந்து உண்ணும் நாளும் அதுவே. முதல் பாட்டின் நடுவே கதவு திறந்தது. குழந்தை முன்னால் வர, கொரின் பின்னால் வந்தாள். கடைசியாக டேசியா, கையில் துணி சுற்றிய கண்ணாடிப் பாத்திரத்தோடு. கடைசிப் பெஞ்சில் லோர்னாவைக் கண்டதும் நின்றாள்.

"இங்க ஆள் இருக்கா?" என்று கேட்டாள். கேட்ட விதத்தில் கொஞ்சம் குத்தலும் இருந்தது.

லோர்னா நடைபாதை ஓரத்தை விட்டுச் சுவர்ப்பக்கம் நகர்ந்தார். மெதடிஸ்டுகள் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவரைத் தங்கள் முழங்காலைத் தாண்டிப் போக விடுவார்களே தவிர, நகர்ந்து பழக்கப்பட்டவர்கள் அல்லர். டேசியா பாட்டுப் புத்தகத்தை எடுத்தாள். ஒரு பாதியைச் சிறிது தயங்கி லோர்னாவின் பக்கம் நீட்டினாள். லோர்னா பக்கம் திருப்பினார்.

திருவிருந்தின் அப்பத்தைத் திராட்சைச் சாற்றில் தோய்த்துக் குழந்தைக்கும் ஒரு துண்டு கொடுத்தார் போதகர். குழந்தை இன்னொன்று கேட்டது, கிடைத்தது.

டேசியா திருப்பிக் கொண்டுவந்த லோர்னாவின் பாத்திரத்தில் நியூ மெக்சிகோவின் பச்சை மிளகாய் போட்ட கோழி இருந்தது. ஆல்டன் ஃபோர்க்கின் நாக்குகள் அதுவரை மிளகையே சாகசமாகக் கருதி வந்தவை. ஓரின் கண்ணீர் வடித்துக்கொண்டே இரண்டாம் முறை போட்டுக்கொண்டார். "அழுவுறீங்களா?" என்று கொரின் கேட்க, "பரிசுத்த ஆவி இறங்கியிருக்கும்மா" என்றார்.

மிச்சத்தை லோர்னா தம் பாத்திரத்திலேயே வீட்டுக்கு எடுத்துப் போனார். வெண்டல் திண்டோடு வந்திருந்தார். நாற்காலியில் அதைப் போட்டு உட்கார்ந்து ஒரு வாய் உண்டவர், தண்ணீரைத் தேடினார்.

"யாரு செஞ்சது இது?"

"கடைசிப் பெஞ்சுல என் பக்கத்துல உட்கார்றவங்க."

வெண்டல் மென்றபடி அக்காவைப் பார்த்தார். "என் எண்ணம் ஒண்ணும் மாறல லோர்னி."

"உன்ன யாரு கேட்டா?"

வெண்டல் காலித் தட்டை நீட்டினார். இந்த முறை அக்கா நிமிர்ந்து, அந்தத் தட்டைப் பார்த்துப் பரிமாறினார்.